ஆறு டப்பா, பதினொரு 'கொஞ்சம்'

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் மும்பை முலுண்டில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலி. எனக்கு வயது 43, உயரம் 155 செ.மீ., எடை 70 கிலோ, இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ. ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை, நான் என வீட்டில் ஐந்து பேர். சைவம். காலைச் சமையல் அத்தை, ராத்திரி நான். மூன்று மாதத்துக்கு முன் ஆன்லைனில் ஆறு கலர் பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். பச்சை காய்க்கு, ஊதா பழத்துக்கு, சிவப்பு புரதத்துக்கு, மஞ்சள் சோறு சப்பாத்திக்கு, நீலம் கொட்டை வகைக்கு, ஆரஞ்சு விதைகளுக்கும் சாலட்டில் ஊற்றும் டிரெஸ்ஸிங்குக்கும். அந்தந்த டப்பா கொள்கிற அளவுதான் சாப்பிட வேண்டும். 1,200 கலோரிக் கணக்கில் போனேன். இரண்டு வாரத்தில் 3 கிலோ குறைந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் போன 3 கிலோவும் திரும்பி வந்துவிட்டது. சாம்பார் எந்த டப்பாவில் சேரும், தோசையை எதில் வைப்பது என்று இன்னும் புரியவில்லை. ஒருநாள் ரயிலில் சிவப்பு டப்பா கசிந்து, பக்கத்தில் இருந்தவர் புடவையெல்லாம் குழம்பு. "சொப்பு வச்சு விளையாடுற மாதிரி இருக்கே" என்கிறார் அத்தை. டப்பாவுக்கு மேல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க மனசு சரியில்லை. தைராய்டு மாத்திரை எடுக்கிறேன். டப்பாவைத் தொடரட்டுமா, தூக்கிப் போட்டுவிடட்டுமா? ஒரு வாரச் சாப்பாட்டுக் கணக்கையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அளப்பதை விடாதீர்கள். டப்பாவை விட்டுவிடலாம். ஆறில் ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள்; எதை, எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த டப்பா செட் எனக்குப் புதிதல்ல. செம்பூரில் என் கிளினிக்குக்கு வரும் பெண்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். முதல் தடவை வரும்போது டப்பாவும் கூட வரும். மூன்றாவது தடவை "எங்கே டப்பா?" என்று கேட்டால், ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது, பையன் கிரேயான் போட்டு வைத்திருக்கிறான் என்பார்கள். அதே மூச்சில், "எனக்குக் கட்டுப்பாடு போதாது மேடம்" என்றும் சொல்வார்கள். டப்பாவில் சாம்பார் நிற்காததற்குத் தன்னையே திட்டிக்கொள்வானேன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உங்கள் ஒரு வாரக் கணக்கை இரண்டு தடவை படித்தேன். கணக்குப் பிரிவில் வேலை என்பது பார்த்தாலே தெரிகிறது. கோடு போட்டு, கலர் பேனாவில், டப்பாவுக்கு ஒரு கட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். "மஞ்சள் 1, பச்சை 1, சிவப்பு 1." ஆனால் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலில் சில குறிப்புகள் இருக்கின்றன. "மிக்சர் கொஞ்சம்." "தோசைக்கு நெய் கொஞ்சம்." "சின்னவன் தட்டில் மீந்தது கொஞ்சம்." "ஆபீஸில் சாபுதானா (ஜவ்வரிசிக் கிச்சடி) கொஞ்சம்." எண்ணிப் பார்த்தேன். ஏழு நாளில் பதினொரு 'கொஞ்சம்'. டப்பாவுக்குள் போனதெல்லாம் எண்ணாக இருக்கிறது, போகாததெல்லாம் கொஞ்சமாக இருக்கிறது. குறைந்த எடை அந்த ஓரத்து வழியாகத்தான் திரும்பி வந்திருக்கிறது.

அந்த 3 கிலோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது முழுக்கக் கொழுப்பு அல்ல. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,000 சொச்சம். பதினான்கு நாளில் அது கரைய வேண்டுமானால் தினம் 1,650 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். உங்கள் வயசுக்கும் எடைக்கும், உட்கார்ந்து செய்யும் வேலைக்கும், ஒரு நாள் செலவே சுமார் 1,800 கலோரிதான். அப்படியானால் இரண்டு வாரம் கிட்டத்தட்டப் பட்டினி கிடந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. சோற்றைத் திடீரென்று குறைத்ததும் ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருந்த மாவுச்சத்து காலியானது. அது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதுவும் சேர்ந்து வெளியேறியது. பழையபடி சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் திரும்பி வந்தது. ஆக, நீங்கள் சம்பாதித்ததைத் தொலைக்கவில்லை. அதில் பெரும்பங்கு கைமாற்றாக வந்தது, கைமாற்றாகவே போனது.

அளந்து சாப்பிடுவது என்ற யோசனையில் குற்றமே இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2002இல் வெளியானது. ஒரே ஆட்களுக்கு ஒரு நாள் 500 கிராம் மாக்கரோனி, இன்னொரு நாள் 1,000 கிராம் என்று அளவை மாற்றி மாற்றி வைத்தார்கள். நிறைய வைத்த நாளில் சுமார் 30 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அளவு மாறியதைப் பாதிக்கு மேற்பட்டவர்கள் கவனிக்கவே இல்லை. எதிரே இருப்பதைத்தான் கை எடுக்கிறது, வயிற்றைக் கேட்டு எடுப்பதில்லை. இதை மும்பைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'கட்டிங்' என்பது வேறு என்ன? முழு கிளாஸ் டீ வேண்டாம், பாதி போதும் என்று ஊரே சேர்ந்து ஓர் அளவு வைத்துக்கொண்டது. அதில் போடும் சர்க்கரையைப் பாதியாக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "சின்னத் தட்டில் சாப்பிடு, தானாகக் குறையும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைப் பிரபலமாக்கிய கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றை ஆய்விதழ்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. 2018இல் அவர் ராஜினாமாவும் செய்ய நேர்ந்தது. சின்னத் தட்டு கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டில் சின்னத் தட்டு வைத்தால் அத்தை இரண்டு தடவை பரிமாறுவார். அவ்வளவுதான் நடக்கும்.

சரி, டப்பாவுக்கு வருவோம். அதை வடிவமைத்தவர் மனதில் இருந்த சாப்பாடு வேறு. வேகவைத்த கோழித் துண்டு ஒரு பக்கம், பச்சைக் காய்கறி ஒரு பக்கம், நாலு பாதாம் ஒரு பக்கம். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. கலர் பிரித்துவிடலாம். நம் சாம்பாரில் பருப்பு சிவப்பு, முருங்கைக்காய் பச்சை, தாளிப்பு எண்ணெய் எந்தக் கலரோ தெரியாது, பாதிக்கு மேல் தண்ணீர். அவியலைப் பிரிக்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். உங்கள் ஊர்ச் சொதிக்கோ காய், பருப்பு, தேங்காய்ப்பால் மூன்றுக்குமாக மூன்று கலர் வேண்டும். புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் புரிய எதுவும் இல்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. அந்த மஞ்சள் டப்பா அரைக் கப் கொள்ளும். ஒரு நாள் கிளினிக்கில் தராசில் வைத்துப் பார்த்தேன். சோற்றை உதிர்த்து, மேலாகப் போட்டால் 80 கிராம் சொச்சம் நின்றது. கரண்டியின் பின்பக்கத்தால் இரண்டு அமுக்கு அமுக்கியபின் அதே டப்பாவில் 115 கிராம். மூடி இரண்டு தடவையும் மூடியது. பசித்த வேளையில் எந்தக் கையும் அமுக்கத்தான் செய்யும். அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அப்புறம், சூடான புளிக்குழம்பைப் பிளாஸ்டிக்கில் ஊற்றவும் கூடாது. உங்கள் சிவப்பு டப்பாவின் உட்பக்கம் இப்போது மஞ்சளாக இருக்குமே.

சிவப்பு டப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. அதில் தினமும் சாம்பார் என்று எழுதியிருக்கிறீர்கள், புரதக் கணக்கில். ஐந்து பேருக்கு அத்தை எவ்வளவு துவரம்பருப்பு போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அரை டம்ளர் என்பார், அதாவது 100 கிராம் பக்கம். அதில் மொத்தப் புரதமே 22 கிராம்தான். ஆளுக்கு நாலரை கிராம் விழும், அதுவும் மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டால். உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். சாம்பார் ஊற்றியாயிற்று, பருப்பு சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறிப்போன ஒன்று. புரதம் குறைந்தால் வயிறு சீக்கிரம் காலியாகும். நாலு மணிக்கே மிக்சர் டப்பா கண்ணில் படும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களைக் கூட்டச் சொல்கிறேன். தினம் ஒரு வேளை சுண்டல், இல்லாவிட்டால் மராத்தியர் வீடுகளில் செய்வது போல் முளைகட்டிய மட்கிப் பயறில் உசள் என்ற மசாலாக் கூட்டு. ஆளுக்கு 40 கிராம் காய்ந்த பயறு ஊறப்போட்டால் 8 கிராம் புரதம் வந்துவிடும். இரண்டு வேளை தயிர். வாரம் இரண்டு மூன்று நாள் 50 கிராம் பனீர், அதில் 9 கிராம். முட்டை சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சைவம் என்றதால் விட்டுவிட்டேன்.

இனி அளப்பது எப்படி என்று பார்ப்போம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்று இல்லையென்றால் அதை மட்டும் வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் தூங்கும்போது, உங்கள் வீட்டுப் பாத்திரங்களை அளந்துவிடுங்கள். குழம்புக் கரண்டியில் தண்ணீர் நிரப்பி, தராசில் வைத்த கிண்ணத்துக்குள் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. காபி டம்ளர், மோர் டம்ளர், பொரியல் கிண்ணம், தோசை மாவுக் கரண்டி எல்லாவற்றையும் இப்படியே அளந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். போன வருடம் இதைச் செய்த ஒரு பெண், தன் 'சின்ன டம்ளர்' 220 மில்லி கொள்கிறது என்று கண்டுபிடித்து எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போட்டார். அவர் கணக்கில் ஒரு நாளைக்கு மூன்று 'சின்ன' காபி. வீட்டுக்கு வருவது எருமைப்பால். அவருக்கு இடுப்பு எங்கே கூடியது என்று அந்த டம்ளரே சொல்லிவிட்டது.

அன்னவெட்டியை மட்டும் தண்ணீரால் அளக்க முடியாது. சோறு ஆறிய பிறகு, வழக்கமாக எப்படி அள்ளுவீர்களோ அப்படியே அள்ளித் தராசில் போடுங்கள். மூன்று தடவை அள்ளிச் சராசரி எடுங்கள். உங்கள் அன்னவெட்டி 75 கிராம் என்றால் மத்தியானத்துக்கு இரண்டு. அது 150 கிராம் சோறு, 200 கலோரிக்குச் சற்றுக் கீழே. அத்தையின் கை பெரிதாக அள்ளும், உங்கள் கை சிறிதாக அள்ளும், ஆகவே உங்கள் தட்டுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். புழுங்கலா பச்சரிசியா, வடித்ததா குக்கரா என்றெல்லாம் குழம்ப வேண்டாம். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. வெந்தபின் 280, 300 கிராம் சோறு ஆகும்.

அத்தையிடம் இதை டயட் என்று சொல்லாதீர்கள். ஆழாக்கு என்று சொல்லுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். உலையில் அரிசி போடும்போது அளந்து போட்டு, அதிலிருந்தும் பிடியரிசி என்று ஒரு கைப்பிடி எடுத்து வைத்த தலைமுறை அது. அளவு அவர்களுக்கு அந்நியமே அல்ல. கலர் பிளாஸ்டிக்தான் அந்நியம்.

ஆபீஸ் சாப்பாட்டுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. வீட்டில் இரண்டடுக்கு எவர்சில்வர் டிபன் இருக்குமே. கீழ் அடுக்கு பெரியது, அதில் சோறு. மேல் அடுக்கு சின்னது, அதில் பொரியல். நாளையிலிருந்து இடத்தை மாற்றுங்கள். பெரியதில் காய், சின்னதில் சோறு. இவ்வளவுதான் வேலை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. நம் மேல் அடுக்கில் 80 கிராம் நின்றால் அதிகம். பெரிய அடுக்கை நிரப்ப அத்தை காலையில் கூடுதலாகக் காய் நறுக்க வேண்டியிருக்கும். முந்தின ராத்திரியே நீங்கள் நறுக்கி வைத்துவிட்டால் பேச்சு வராது. ரசம், சாம்பாருக்குத் திருகு மூடி உள்ள சின்னத் தூக்கு. கூட்டமான லேடீஸ் பெட்டியில் பிளாஸ்டிக் மூடியை நம்பிக் குழம்பு கொண்டுபோனது உங்கள் தைரியம்.

ஆறில் எடுத்து வைக்கச் சொன்ன டப்பா ஆரஞ்சு. இருப்பதிலேயே குட்டி. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி கொள்ளும். அதில் விதை போட வேண்டாம். எண்ணெய் அளக்கப்போகிறோம்.

உங்கள் கணக்கில் எண்ணெய் என்ற சொல்லே இல்லை. கவனித்தீர்களா? ஏழு நாளும் பொரியல் இருக்கிறது, தாளிப்பு இருக்கிறது, தோசை இருக்கிறது, எண்ணெய் மட்டும் எங்கும் இல்லை. யாரும் எண்ணெயைச் 'சாப்பிடுவது' இல்லை என்பதால் அது கணக்கில் வராது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி, ஒரு மேசைக்கரண்டி 120. சோற்றில் ஒரு வாயைக் குறைத்துவிட்டுப் பெருமைப்படும் நேரத்தில், உருளைக்கிழங்கு வறுவலில் அதற்கு மூன்று மடங்கு உள்ளே போய்விடும். இதைக் கரண்டி கரண்டியாக அளந்துகொண்டிருக்கவும் முடியாது. அதனால் பாக்கெட்டை எண்ணுங்கள். போன மாதம் உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினீர்கள்? ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்குத் தினம் 40 மில்லி, 320 கலோரிக்கு மேல். நான் சொன்ன வழிகாட்டுதலில் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கே 27 கிராம்தான். எடை குறைய வேண்டியவருக்கு மாதம் அரை லிட்டர் போதும். தினம் 17 மில்லி. நெய்யும் அதற்குள்ளேதான்.

வீட்டில் எல்லோருக்கும் இதே அளவு என்று வைத்தால் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 85 மில்லி. ஆரஞ்சு டப்பாவில் மூன்று முறை, மூன்றாவதில் கொஞ்சம் தலை தட்டி. (பார்த்தீர்களா, எனக்கும் 'கொஞ்சம்' வந்துவிட்டது.) காலையில் அதை அளந்து ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி அடுப்புப் பக்கம் வையுங்கள். அன்றைய இட்லி மிளகாய்ப்பொடியிலிருந்து ராத்திரி தோசை வரை எல்லாம் அதிலிருந்துதான். எண்ணெய்ப் பாத்திரம் அலமாரிக்குள் போய்விட வேண்டும். சாயங்காலம் தோசைக்குள் கிண்ணம் காலியானால், மறுநாள் காலை வறுவல் தானாகப் பொரியலாக மாறும். இந்தப் பொறுப்பை அத்தையிடமே கொடுத்துவிடுங்கள். உங்களைக் கண்காணிக்கும் வேலை என்றால் அவருக்கும் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது. எண்ணெய் மிச்சம் பிடிக்கும் வேலை என்றால் நம் பெரியவர்கள் அசர மாட்டார்கள்.

வளரும் பிள்ளைகளுக்குக் குறையுமே என்று பயப்பட வேண்டாம். அவர்களுக்கு மட்டும் தட்டில் ஒரு கரண்டி நெய்யைத் தனியாகப் போடலாம். கணவருக்கு வேண்டாம்.

சாயங்காலம் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. உங்கள் கணக்கில் மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பிறகு அடுத்த வரி ராத்திரி ஒன்பது மணி. நடுவில் ஏழரை மணி நேரம் காலி. ஆறரைக்கு சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் ஏறி, கூட்டத்தில் நின்று, எட்டு மணிக்கு வீட்டில் செருப்பைக் கழற்றும் ஒரு பெண் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த ரயிலில்தான் பல வருடம் போனேன். முகம் கழுவும் முன் சம்புடத்தைத் திறப்பாள். மாட்டுங்காவில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸோ மிக்சரோ, நின்றுகொண்டே, ஒரு கை அடுப்பில் ஒரு கை சம்புடத்தில். ஒரு கைப்பிடி 30 கிராம், 150 கலோரிக்குக் குறையாது. மூன்று கைப்பிடி என்றால் நீங்கள் மத்தியானம் கலர் டப்பாவில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். இதற்கு மன உறுதி ஒன்றும் வேண்டாம். ஐந்து மணிக்கு ஆபீஸிலேயே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிடுங்கள். காலையில் அத்தை தாளிக்கும்போதே தனியாக எடுத்து வைத்தால் போதும். வீட்டுக்குள் நுழையும்போது பசி கண்ணை மறைக்காது. மிக்சர் வேண்டுமா, சாப்பிடுங்கள். கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து. சம்புடத்திலிருந்து நேராகக் கைக்கு வருவதுதான் அளவில்லாதது.

சாபுதானா கிச்சடி பற்றி ஒரு வரி. சங்கஷ்டி, அதாவது சங்கடஹர சதுர்த்தி நாளில் ஆபீஸ் தோழி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாதுதான். விரதச் சாப்பாடு என்பதால் லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். ஜவ்வரிசி முழு மாவுச்சத்து, கூடவே கடலை, நெய். அன்று அந்தச் சின்ன அடுக்குச் சோற்றை விட்டுவிட்டு இதைச் சாப்பிடுங்கள், தீர்ந்தது.

ஒரு வாய் கூடினால் நாள் முழுக்க மனசு சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். எடையைவிட அந்த வரிதான் எனக்கு உறுத்தியது. அளவு என்பது தையல்காரர் கையில் இருக்கும் டேப் மாதிரி. சட்டை இறுக்கமா தளர்வா என்று அது சொல்லும், உங்களைத் திட்டாது. ஒரு மாதம் அன்னவெட்டியால் அளந்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு மாதம் ஒரு தடவை, ரயில் பாஸ் புதுப்பிக்கும் நாளில், தராசை எடுத்துச் சரிபார்த்தால் போதும், ஏனென்றால் கண் மெல்ல மெல்லப் பெரிய மனசாகிவிடும். கல்யாண வீட்டில், திருவிழாவில் அளக்கவே வேண்டாம். அப்படியும் சோற்றைப் பார்த்தாலே குற்றவுணர்வு, ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதை ஈடுகட்டப் பட்டினி கிடப்பது என்று போனால் அளப்பதையே நிறுத்திவிட்டு நேரில் வாருங்கள். அது வேறு விஷயம், அதற்கு வேறு வைத்தியம்.

எவ்வளவு குறைய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் உடல் எடைக் குறியீடு 29. இந்தியர்களுக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கிறோம். பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. இதைப் பார்த்து 15 கிலோவுக்குக் குறி வைக்காதீர்கள். சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்துச் சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றிய குழுவில், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்பது 5 கிலோ. தினம் 1,400 கலோரி பக்கம் சாப்பிட்டால் மாதம் ஒன்றரை கிலோ குறையும். 1,200க்குப் போக வேண்டாம்; ரயிலில் நின்று போய் வந்து, இரண்டு வேளைச் சமையலில் கைகொடுத்து, கணக்கும் பார்க்கிற உடம்புக்கு அது போதாது.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி. கடைசியாக டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் பார்த்துவிடுங்கள். அது சரியாக இல்லாமல் நாம் அன்னவெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டில் யாராவது, முக்கியமாக அத்தை, சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தால் அவர் சோற்றை டாக்டரைக் கேட்காமல் குறைக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

ஒரு மாதம் கழித்து அடுத்த கணக்கை அனுப்புங்கள். இந்தத் தடவை கலர் பேனா வேண்டாம். எண்ணெய் எத்தனை பாக்கெட் ஆயிற்று, எத்தனை 'கொஞ்சம்' மிச்சம் இருக்கிறது, இடுப்பு எத்தனை செ.மீ. என்று மூன்று எண் போதும். பச்சை டப்பாவை அத்தையிடம் கொடுங்கள், கறிவேப்பிலை ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வாடாமல் இருக்கும்.